நமுத்த தோட்டா

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. அதைப் பற்றி எழுத உட்காரும்போதே எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வர வேண்டும்போல் இருக்கிறது.

நான் கல்யாணமாகி விருதுநகருக்கு வந்தபோதே அது அந்த வீட்டில் இருந்தது, என்னைவிட மரியாதையாக. ரெட்டைக்குழல் துப்பாக்கி. சுத்தியல் மாதிரி இரண்டு குதிரைகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பழைய வகை. குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துவைத்து விசையை அழுத்தினால், அது பாய்ந்து தோட்டாவின் பின்பக்கத்தில் அடிக்கும். என் மாமனார் தன் பட்டாசுக் கம்பெனிக்குச் சம்பளப் பணத்தைப் பையில் கொண்டுபோன காலத்தில், தற்காப்புக்கு என்று உரிமம் வாங்கியது. இப்போது சம்பளமெல்லாம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். துப்பாக்கி மட்டும் என் கணவரின் அண்ணன் பெயருக்கு மாறி, அவருடைய பீரோவில் பட்டு வேட்டிகளுக்கு நடுவே படுத்துக்கிடந்தது.

அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். தொழிலில் கெட்டிக்காரர். வெடிமருந்து கலக்கும் அறைக்குள் ஒருவர் செல்போனோடு போய்விட்டார் என்பதற்காக அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியவர். ஆணி அடித்த செருப்போடு உள்ளே வந்த ஆளை வாசலில் நிறுத்தி அவர் திட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஒழுங்கெல்லாம் கம்பெனி கேட்டோடு சரி. வடக்கேயிருந்து தீபாவளி ஆர்டர் கொடுக்க வரும் வியாபாரிகளை வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பாடு போடுவார். இலையை எடுத்ததும் துப்பாக்கி வரும். வயிறு நிறைந்த சந்தோஷத்தில் அவர்கள் ஒருவர் நெஞ்சில் ஒருவர் குறிவைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். பாயசம் ஒட்டிய விரலால் விசையைத் தடவுவார்கள். அவர்கள் போன பிறகு பெரியத்தான் அதைத் துடைத்து, துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் போடுவார். அந்தப் பீரோவைத் திறந்தால் காறிய எண்ணெயும் பழைய மருந்தும் கலந்து, துவைக்காத தலையணை வாடை அடிக்கும்.

என் அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று, காரியாபட்டியில் ஒரு வங்கியில் காவலராக இருந்தார். அவர் கையிலும் துப்பாக்கி இருந்தது. ஆனால் அதை நாங்கள் பார்த்ததெல்லாம் வங்கிக்குள் போனபோதுதான். சாயங்காலம் தோட்டாவை உருவி, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, துப்பாக்கியை ஓரிடத்திலும் தோட்டாவை வேறோரிடத்திலும் பூட்டிவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அதில் அவருக்குப் பெருமையும் கிடையாது, பயமும் கிடையாது. பால்காரர் பாத்திரம் கழுவுகிற மாதிரி அது ஒரு வேலை. அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இவர்கள் கூத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

தேர்தல் அறிவித்தால் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஊரே ஓட்டுக்கு அலைந்து தூக்கம் கெட்டுக்கிடக்கும் அந்த வாரங்களில்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். எந்தக் கட்சி ஜெயித்தாலும் எனக்கு வருத்தம்தான். தேர்தல் முடிந்ததும் அது வீட்டுக்குத் திரும்பிவிடும்.

சில வருஷங்களுக்கு முன்னால், புரட்டாசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் அப்பளம் நமுக்கும், முறுக்கு நமுக்கும், மழைக் காலத்தில் பட்டாசும் நமுக்கும். திரி கருகி, புஸ்ஸென்று அடங்கிவிட்டால், ‘நமுத்தது’ என்று சொல்லிக் காலால் எத்திவிட்டுப் போவார்கள். நமுத்தது ஒன்றும் செய்யாது, வெயிலில் போட்டால் மறுபடி சரியாகிவிடும். இது இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. பட்டாசுக்கே அது தப்பு. கம்பெனிச் சுவரில் படம் வரைந்து எழுதிப்போட்டிருக்கிறது. எழுதிப்போட்டவரே பெரியத்தான்தான்.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனேன். மிளகாய் வற்றலுக்குப் பக்கத்தில், ஒரு தாம்பாளத்தில், துப்பாக்கித் தோட்டாக்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. கீழே இறங்கி வந்து நேரே பெரியத்தானிடம் போனேன்.

“பெரியத்தான், தோட்டாவ எல்லாம் வெயில்ல போடக் கூடாது. அம்புட்டும் பழசு. ஸ்டேஷன்ல கேட்டு ஒப்படைச்சிருங்க.”

“ஏம்மா, வெடி ஊருக்கு வாக்கப்பட்டு வந்துட்டு வெடிக்குப் பயந்தா எப்படி? லேசா நமுத்திருக்கு. ரெண்டு வெயில் பட்டா கணீர்னு கேக்கும்.”

அடுக்களையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் சமைக்க வருகிறவள் சிரித்தாள். சூலக்கரைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி, என்னைவிட இளையவள். காலையில் எங்கள் வீடு, மத்தியானத்துக்கு மேல் இன்னும் இரண்டு வீடு, எல்லா இடத்திலும் நின்றுகொண்டே செய்யும் வேலை. அந்த இரண்டு கால்களை நம்பித்தான் அவள் குடும்பம் ஓடியது. புருஷன் லோடு ஆட்டோ ஓட்டி, அந்த வருமானத்தை அவனே குடித்தும் விடுவான். வாய் கொஞ்சம் நீளம். பெரியத்தான் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் சொன்னாள்: “பெரியண்ணாச்சி அத எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனா காக்காகூடப் பறக்காதுக்கா. உக்காந்து வேடிக்கை பாக்கும்.” நானும் சிரித்துவிட்டேன்.

ஆயுத பூஜை அன்று மாடிக்குப் போய், சாமிக்கு என்று வானத்தைப் பார்த்து இரண்டு குண்டு சுடுவது அந்த வீட்டு வழக்கம். சட்டப்படி குற்றம் என்று நான் சொல்லி அலுத்துவிட்டேன். அந்த வருஷமும் பெரியத்தான் குடும்பத்தோடு மாடியேறினார். முதல் குழல் வெடித்தது. இரண்டாவது குழலில் டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பெரியத்தான் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தார்.

“நமுத்துருச்சு.”

எல்லோரும் சிரித்தபடியே கீழே இறங்கினார்கள். விசையை அழுத்தியும் வெடிக்காத தோட்டா செத்துப்போன தோட்டா அல்ல. குழலை ஆளில்லாத பக்கம் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். பிறகு துப்பாக்கியை மடக்கித் திறந்து அதை உருவி எடுத்துவிட வேண்டும். ஒரு பொரி உருண்டையைத் தின்று முடிக்கும் நேரம்கூட ஆகாது. பெரியத்தான் அதைச் செய்யவில்லை. தோட்டா உள்ளே இருக்க, அப்படியே கொண்டுபோய் சாமி முன்னால் வைத்தார். லாரிச் சாவி, தராசு, அரிவாள்மனை, கம்பெனி லேப்டாப், அவற்றோடு துப்பாக்கி. குழல் நெடுகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் போட்டார்கள். கொலைக் கருவிக்கு, பெண் பார்க்க வரும் நாளில் பெண்ணுக்குச் செய்கிற மாதிரி அலங்காரம்.

“பெரியத்தான், உள்ள ஒண்ணு இருக்கு. எடுத்துட்டு வைங்க.”

பதில் சொன்னது என் மாமியார். “சந்தனம் வச்சாச்சு தாயீ. நாளைக்கு மறுபூஜை முடியுற வரைக்கும் சாமி முன்னாடி வச்சத அசைக்கக் கூடாது.”

“நமுத்தது என்னத்தச் செஞ்சிரும்?” என்றார் பெரியத்தான்.

என் கணவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

எல்லோரும் தூங்கியதும் நானே எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். என் முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது போலிருக்கிறது. மாமியார் தலையணையோடு வந்து பூஜை அறை வாசலை மறித்துப் படுத்துக்கொண்டார். வீட்டுப் பிள்ளைகளை மாடி அறையில் படுக்கவைக்க மட்டும்தான் என்னால் முடிந்தது.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்தது. பெரியத்தான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, மாலையைக் கழற்றினார். நான் விடவில்லை.

“இப்பயாவது தோட்டாவ உருவுங்க.”

அவருக்குக் கோபம் வந்திருந்தால்கூட நல்லது. வரவில்லை. விளையாட்டுப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். “உம் பயத்த இன்னிக்கோட தீத்து வைக்கேன்” என்றார். கட்டைவிரலால் குதிரையைப் பின்னுக்கு இழுத்தார். குழலை அடுக்களை வாசல் பக்கம் தரையைப் பார்த்துச் சாய்த்தார். நான் ஓடிப்போய்க் கையைத் தட்டிவிடுவதற்குள், “பாரு, நமுத்தது” என்று சொல்லிக்கொண்டே விசையை அழுத்தினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் அடுக்களையிலிருந்து சுண்டல் பாத்திரத்தோடு வெளியே கால் எடுத்து வைத்தாள்.

காது அடைத்துப்போனது. முதலில் என் கண்ணில் பட்டது சுண்டல்தான். கூடமெங்கும் கொண்டைக்கடலை சிதறிக்கிடந்தது. தரைக்கல் பெயர்ந்து ஒரு குழி. அதற்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். வலது காலில் கணுக்காலும் பாதமும் ரத்தமாக இருந்தன, சேலை விளிம்பு கிழிந்து சதைக்குள் போயிருந்தது. கத்தவில்லை. தன் காலை வேறு யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியத்தான் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது: “ஏலே, வாசக் கதவச் சாத்து.”

என் கணவரிடம் ஒரு வேலையை நான் மூன்று தடவை சொல்ல வேண்டும். அண்ணன் சொன்னதும் ஓடிப்போய்ச் சாத்தினார். சாத்தியிருக்கவே வேண்டாம். தெருவில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. பூஜை நாளில் எங்கள் ஊரில் ஒரு வெடிச் சத்தத்துக்கு யார் எழுந்து வரப்போகிறார்கள்? மாமியார், சாமி முன்னால் ரத்தம் விழுந்துவிட்டதே என்று புலம்பினார். ஆனால் புலம்பிக்கொண்டே தன் புதுச் சேலையைக் கிழித்து அவள் காலைச் சுற்றிக் கட்டியதும் அவர்தான். அதையும் சொல்ல வேண்டும்.

அவளைத் தூக்கிக் காரில் ஏற்றி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கணவர் வண்டியை எடுத்தார். பெரியத்தான் கார் ஜன்னலில் குனிந்தார்.

“அணுகுண்டு கால்கிட்ட வெடிச்சிருச்சுன்னு சொல்லிருங்க. நம்ம ஊர்ல அதுக்கு மேல எவனும் கேக்க மாட்டான்.” அப்புறம் அவளைப் பார்த்து, குரலைக் குழைத்துக்கொண்டு சொன்னார்: “உனக்கு என்ன வேணுமோ நான் செய்றேன், சரியா?”

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தலையாட்டினாள். அவர் வாயில் இன்னும் பொரியும் வெல்லமும் மணத்தது. நான் அவள் காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

போனது எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரி. இருந்தது சின்ன வயசு டாக்டரம்மா. தீபாவளி வரும் முன்பே வர ஆரம்பித்துவிட்டீர்களா என்பதுபோல் பார்த்தார். எந்த வெடி என்று கேட்டார். என் கணவர் அணுகுண்டு என்றார். அவ்வளவுதான், வேறு கேள்வியே இல்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் அவர் கட்டுப்போட்ட காலெல்லாம் அணுகுண்டில் போன கால்தானே. நர்ஸ் ரத்தத்தைத் துடைத்தாள், ஊசி போட்டாள், மருந்து தடவக் களிம்பை எடுத்தாள். துடைத்த இடத்தில் நான் பார்த்தேன். சின்னச் சின்ன வட்ட ஓட்டைகள். பட்டாசு தோலைக் கருக்கும், கிழிக்கும், இப்படி ஓட்டை போடாது. உள்ளே தோட்டாவிலிருந்து சிதறிய ஈயக் குண்டுகளும் கல் துணுக்கும் சேலை நூலும் இருக்கின்றன. மேலே களிம்பைத் தடவித் துணியைச் சுற்றி அனுப்பப்போகிறார்கள். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், என் வளையல் சதையில் பதியும் அளவுக்கு.

“டாக்டர், அணுகுண்டு இல்ல. துப்பாக்கி. ரெட்டைக்குழல். உள்ள குண்டு இருக்கு, படம் எடுத்துப் பாருங்க.”

“ஏய்” என்றார் என் கணவர். அன்று அதுவரை அவர் சொந்தமாகப் பேசிய ஒரே சொல் அது.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. களிம்பை ஓரமாக வைக்கச் சொன்னார். எக்ஸ்ரேயில் பாதமும் கணுக்காலும் தெரிந்தன, கடுகைக் கொட்டிவிட்ட மாதிரி வெள்ளைப் புள்ளிகளோடு. உடனே மதுரைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்றார். போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “கட்டுப்போட்டு அனுப்பியிருந்தேன்னா உள்ளயே அழுகியிருக்கும். அப்புறம் காலையே எடுத்திருக்கணும்.”

ஆம்புலன்சுக்குக் காத்திருக்கும்போது என் கணவர் பக்கத்தில் வந்தார். “அண்ணனக் காட்டிக் குடுத்துட்டியே.”

“நான் அவ காலத்தான் காட்டுனேன்” என்றேன்.

அன்று சாயங்காலமே போலீஸ் வீட்டுக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். சொல்லிவைத்த மாதிரி எல்லோர் வாயிலும் ஒரே வாக்கியம்: “துடைக்கும்போது வெடிச்சிருச்சு சார்.” இந்த ‘வெடிச்சிருச்சு’ என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ பட்டாசு ஷெட்டுகள் தரைமட்டமாகியிருக்கின்றன, எல்லாமே தானாக வெடித்தவைதான். அளவுக்கு மேல் ஆளை உட்காரவைத்தது யார், மருந்தைக் கூடுதலாகக் கொண்டுவரச் சொன்னது யார் என்ற பேச்சே வராது. வெடிச்சிருச்சு, அம்புட்டுத்தான். இடியும் மழையும் வருகிற மாதிரி வந்துவிட்டுப் போகும்.

என் முறை வந்தது. “துடைக்கும்போது கைதவறி வெடிச்சிருச்சு, அப்படித்தானேம்மா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“இல்ல சார். துணியே கையில இல்ல. உள்ள தோட்டா இருக்குன்னு அவருக்குத் தெரியும். குதிரைய இழுத்து வச்சாரு, விசைய அழுத்துனாரு. அவரு சுட்டாரு.”

பெரியத்தான் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது கோபம்கூட இல்லை, ஆச்சரியம். தீனி போட்டு வளர்த்த பசு முட்டிவிட்டதே என்ற ஆச்சரியம். சந்தனம் காய்ந்து வெடித்திருந்த குழலோடு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

வழக்கு நடக்கிறது, துப்பாக்கி இன்னும் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிச் செலவைப் பெரியத்தான்தான் கட்டினார். அதைக் கல்யாண வீடுகளில் சொல்லியும் காட்டுகிறார். “நம்ம கெரகம், துடைக்கும்போது வெடிச்சிருச்சு. அந்தப் பொண்ணக் கைவிடலையே நான்” என்பார். சுற்றி நிற்பவர்கள் அவருக்காக உச்சுக்கொட்டுவார்கள். நான் கைகழுவும் இடத்துக்குப் போய்விடுவேன். அந்த வீட்டில் என்னோடு பேச்சு நின்றுபோனது. நானும் என் கணவரும் மாடியில் தனி அடுப்பு வைத்துக்கொண்டோம். அவர் இப்போதும் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ் வந்த வீடாக்கிவிட்டாளாம். அவளா ஆக்கினாள்? மற்ற இரண்டு வீட்டிலும் கேஸ், கோர்ட் என்று வருகிற ஆள் நமக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டார்கள். சேதி கேட்டு எனக்கு ஆறவில்லை. தனி அடுப்புக்குத் துணையாக வா என்று கூப்பிட ஒரு நாள் பஸ் ஏறி அவள் ஊருக்குப் போனேன்.

வீட்டு வாசலில் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். வலது கால் முன்னால் நீட்டியிருந்தது. கணுக்கால் மடங்குவதில்லை. எலும்புக்குப் பக்கத்தில் சில குண்டுகளை எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், எடுத்தால் இன்னும் கெடுதல் என்று. நின்றால் வீங்கிவிடுகிறது. உட்கார்ந்து செய்கிற வேலை என்று அந்த ஊரில் இருப்பது இது ஒன்றுதான்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். மாடியேற முடியாதுக்கா என்றாள். அதை நான் யோசிக்கவே இல்லை. அவள் கை நிற்கவில்லை. பசை தடவி, தாளைக் கம்பியில் சுற்றி, உருவிப் பக்கத்தில் போட்டாள்.

“எனக்குக் கால் இருக்கது உங்களாலதான்க்கா. வேலை போனதும் உங்களாலதான்.”

இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஏதோ சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“உங்களச் சொல்லிக் குத்தமில்ல. நீங்க ஏங்க்கா சொல்லணும்? சுட்டவுகதான சொல்லிருக்கணும்.”

நீட்டிய காலைக் கையால் தூக்கி ஒருபக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, எனக்கு உட்கார இடம் ஒதுக்கினாள்.